நிழல் எடுக்காத போன்

உங்க போன் நம்பர் உங்களுக்கு மனப்பாடமா தெரியும், சரி. வேற யாரு நம்பராவது தெரியுமா? போனைப் பாக்காம சொல்லுங்க பாப்போம். அம்மா நம்பர்? நாலு வருஷம் கூடப் படிச்சவன் நம்பர்? தெரியாதுல்ல. இசக்கிப்பிரியாவுக்கும் தெரியாது.

ஆலங்குளம் பக்கம், காத்தாலைங்க சுத்துற வெட்டவெளியில ஒரு எஞ்சினியரிங் காலேஜ். அங்க கடைசி வருஷம் படிச்சிக்கிட்டிருந்தா இசக்கிப்பிரியா. வகுப்புல அவதான் முதல். அப்பா அவ ஏழாவது படிக்கும்போதே போயிட்டாரு. அம்மா பேச்சித்தாய் பீடி சுத்தி மகளைப் படிக்க வச்சா. "மூணு வருஷம் வேலை பாரு, ஊரு உலகம் பாரு, பொறவுதான் கல்யாணப் பேச்சு" அப்படின்னு தெருவுக்கே கேக்கிற மாதிரி சொல்லி வச்சிருந்தா.

அந்த வருஷம் காலேஜுக்கு ஆள் எடுக்க ஒரு சென்னை கம்பெனி வந்துச்சு. அவங்க பரீட்சை வைக்கல, கேள்வி கேக்கல. நிழல்கிட்ட பேசப் போறோம்னாங்க.

"நிழலா? என்னல அது?" இசக்கி கேட்டா.

கேட்டது சுடலைமணிகிட்ட. அவளோட வகுப்புதான். ஏழு அரியர் வச்சிருந்தான். ஆனா எந்த மெஷின் எப்படி ஓடுதுன்னு கேட்டா மட்டும் வாய் நிக்காது.

"நாலு வருஷமா உன் போன்ல காலேஜ் ஆப்பு இருக்குல்லா? நீ பேசுனது, எழுதுனது, அழுதது, செருப்புப் படத்தைப் பாத்துட்டு வாங்காம விட்டது, எல்லாத்தையும் அது உறிஞ்சி வச்சிருக்கு. அதை வச்சி உன்னைய மாதிரியே ஒருத்தியச் செஞ்சிருவாங்க. அவ மெஷினுக்குள்ளயே அஞ்சு வருஷம் வாழுவா. நமக்கு முக்கால் மணி நேரம், அவளுக்கு அஞ்சு வருஷம். இடையிடையே போன் அடிச்சிப் பேசுவாங்க. அவ எடுத்து ஒழுங்காப் பேசினா உனக்கு வேலை."

"எடுக்கலன்னா?"

"எடுக்காம என்ன செய்வா? உன் நிழல்லா. மிஸ்டு காலுக்கே திருப்பி அடிக்கிற மூதி நீ."

சுடலையோட நிழலைத்தான் முதல்ல கூப்பிட்டாங்க. வெளிய நின்ன எல்லாருக்கும் ஸ்பீக்கர்ல கேட்டுச்சு. அஞ்சாம் வருஷம் அடிச்சப்போ, ஒரே ரிங்ல எடுத்துட்டான் நிழல் சுடலை. "மேடம், வண்டி பஞ்சர் மேடம், இந்தா வந்துட்டே இருக்கேன்!" குரல்லயே தெரியுது, படுக்கையில கெடந்துக்கிட்டுப் பேசுறான்னு. வராந்தாவே சிரிச்சுச்சு. நெசச் சுடலை தலையில கைய வச்சிக்கிட்டான்.

கம்பெனி மேடமும் சிரிச்சாங்க. "பொய் சொல்றான். ஆனா போனை எடுக்கிறான்" அப்படின்னாங்க. அவனுக்கு வேலை கெடச்சிருச்சு.

இசக்கியைக் கூப்பிட்டாங்க. ஏசி ரூம், கை விறைச்சுப் போற குளிர். மேடம் அன்பாத்தான் இருந்தாங்க. குடிக்கத் தண்ணி கொடுத்தாங்க. திரையில ஒரு கோடு ஓடிக்கிட்டே இருந்துச்சு.

ஆறு மாசத்துல அடிச்சாங்க. "ஹலோ, சொல்லுங்க மேடம்!" அப்படின்னுச்சு அவளோட குரல். தன்னோட குரலை வெளிய இருந்து கேக்கிறதே ஒரு மாதிரி. இன்னும் பேசாத பேச்சைக் கேக்கிறது வேற மாதிரி.

ஒம்பது மாசத்துல திரும்ப அடிச்சாங்க. ரொம்ப நேரம் ரிங் போச்சு. அப்புறம் எடுத்தா. வாயைக் கையால பொத்திக்கிட்டுப் பேசுற மாதிரி, சத்தமே இல்லாம, "அப்புறம் பேசுதேன். ஆளு வந்துருக்காவ" அப்படின்னா. வச்சிட்டா.

மேடம் நிமிர்ந்து இசக்கியைப் பாத்தாங்க. "யாரு வந்திருக்காங்க?"

"தெரியல மேடம்."

ஒரு வருஷத்துல அடிச்சாங்க. நீங்கள் அழைத்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை. ரெண்டாம் வருஷம், அதே. மூணாம் வருஷம், அதே. மேடம் அஞ்சு வரைக்கும் அடிச்சாங்க. கடமைக்கு அடிச்ச மாதிரி இருந்துச்சு, முன்னாலயே தெரிஞ்ச மாதிரி.

"எனக்கு என்ன ஆச்சு மேடம்?" இசக்கி கேட்டா. எனக்கு வேலை இல்லயான்னு கேக்கல. அதைக் கேக்கணும்னு தோணவே இல்ல.

"அது எங்களுக்குத் தெரியாதும்மா. நிழல் நின்னுருச்சு, அவ்வளவுதான் தெரியும்." மேடம் அவ முகத்தைப் பாக்காம அடுத்த பேரைக் கூப்பிட்டாங்க.

அன்னைக்கு வகுப்புல பையனுங்க நிழல் ஒண்ணு விடாம பேசுச்சு. பொண்ணுங்கள்ல பேசுனது ஒரே ஒரு நிழல்தான். பெனிட்டாவோடது. அவ படிப்பு முடிஞ்சதும் கன்னியாஸ்திரி மடத்துல சேரப் போறவ. அஞ்சாம் வருஷமும் "ஸ்தோத்திரம் மேடம்"னு எடுத்தா. பொண்ணுங்கள்ல கம்பெனி அவளுக்கு மட்டும்தான் வேலை கொடுத்துச்சு. அவ வேண்டாம்னுட்டா.

ஹாஸ்டல்ல அன்னைக்கு யாரும் சாப்பிடல. யாரு ஆரம்பிச்சதுன்னு தெரியல, கோமதி அக்கா பேரு அடிபட்டுச்சு. ரெண்டு வருஷத்துக்கு முந்திப் படிச்ச அக்கா, சென்னைக்கே போயி இதே கம்பெனியில நிழல் கொடுத்தவங்க. அவங்க நிழலும் ஒரு வருஷத்துல நின்னுச்சாம். சரியா அடுத்த வருஷம் ஸ்கூட்டில போகும்போது லாரி அடிச்சிருச்சு.

"அப்போ நம்ம எல்லாரும் சாகப் போறோமா?" ஒருத்தி கேட்டா. "எல்லாருமா? ஒரே வருஷத்துலயா?"

"பெருவாரிக் காய்ச்சல் வருமோ என்னமோ."

"காய்ச்சல்னா பையனுங்களுக்கு வராதாட்டி?"

பெனிட்டா மட்டும் முழங்கால் போட்டு எல்லாருக்காகவும் ஜெபம் பண்ணினா. அதைப் பாத்ததும் மத்தவளுங்க இன்னும் பயந்துட்டாளுங்க.

படிப்பு முடிஞ்சிச்சு. பையனுங்க ஒவ்வொருத்தனா சக்கரம் வச்ச பெட்டியை இழுத்துக்கிட்டு தென்காசி ஸ்டேஷன்ல ரயில் ஏறினானுங்க. சுடலையை வழியனுப்ப இசக்கி போகல. ரோட்டைக் கடக்கணும், அதான்.

அப்படி ஒரு பயம் அவளுக்குள்ள வந்து குடியேறிருச்சு. மீன் சாப்பிட மாட்டா, முள்ளு. கெணத்துப் பக்கம் போக மாட்டா. ஃபேன் கழண்டு விழும்னு சுவரோரமாப் படுப்பா. வேற கம்பெனிக்காரங்க ரெண்டு பேரு மதுரைக்கு வரச் சொன்னாங்க. சட்டிஃபிகேட் எல்லாம் பையில எடுத்து வச்சி, துணி மாத்தி, பஸ் ஸ்டாப் வரைக்கும் போனா. பஸ் வந்துச்சு. கண்டக்டர், "ஏறுதியளா இல்லியாம்மா?"ன்னு கத்தினாரு. அவ பஸ்ஸோட டயரையே பாத்துக்கிட்டு நின்னா. பஸ் போயிருச்சு. திரும்பி வந்து அம்மா பக்கத்துல உக்காந்து பீடி இலை வெட்ட ஆரம்பிச்சா. கத்திரியை மட்டும் உடம்புல படாம தள்ளிப் பிடிச்சிக்கிட்டு.

பேச்சித்தாய் ஒரு நாள் கேட்டே கேட்டுட்டா. "என்னட்டி, பேய் அடிச்சவ மாதிரி இருக்க? வேலை இல்லன்னா போவுது சவம். அதுக்கு ஏன் இப்படி உருகுத?"

இசக்கி அழுதுட்டே எல்லாத்தையும் சொன்னா. அந்த 'ஆளு வந்துருக்காவ'வையும் சேத்து.

பேச்சித்தாய்க்கு மெஷின் தெரியாது, நிழல் தெரியாது. ஆனா ஆளு வந்துருக்காவன்னா யாருன்னு அவளுக்குத் தெரியும். புருஷன் ஆஸ்பத்திரியில கடைசியாக் கண்ணைத் திறந்து, "யாரோ வந்து நிக்காவ"ன்னுதான் சொன்னாரு. கையில இருந்த இலை கீழ விழுந்துச்சு. அன்னைக்கே ஜோசியர் வீட்டுக்கு ஓடுனா.

வரும்போது முகத்துல ஒரு தெளிச்சி. "கண்டம் இருக்காம். உள்ளதுதானாம். ஆனா கழிப்பு இருக்குன்னுட்டாரு. கழுத்துல தாலி ஏறிட்டா மாங்கல்ய பலம் காப்பாத்திருமாம். வருஷம் திரும்பறதுக்குள்ள முடிக்கணுமாம்."

"எம்மா, மூணு வருஷம் போவட்டும்னு நீதான சொன்ன..."

"மூணு வருஷத்துக்கு நீ இருக்கணும்லா!"

நெசத்தைச் சொல்லணும்னா, இசக்கிக்கும் கொஞ்சம் நிம்மதியாத்தான் இருந்துச்சு. ஏதோ ஒண்ணு காப்பாத்தினா சரின்னு இருந்துச்சு.

மாப்பிள்ளை பேரு வேல்துரை, மின்வாரியத்துல வேலை. அதிர்ந்து பேசாத ஆளு. அவரோட அண்ணன் தங்கத்துரை பாவூர்சத்திரத்துல போன் கடை வச்சிருந்தாரு. வீட்டுல எந்த முடிவும் அண்ணன்தான். காலேஜை விட்டு ஒம்பது மாசம் ஆன நேரம், ஒரு ஞாயித்துக்கெழமை காலைல நிச்சயதாம்பூலம் வச்சாங்க. சின்ன வீடு, தெரு வரைக்கும் செருப்பு. பின்கட்டுல பீடி இலை நனைச்சி வச்சிருந்த இடத்துல இசக்கிக்குப் பூ வச்சி விட்டுக்கிட்டிருந்தாங்க. அப்போதான் அவ போன் அடிச்சுச்சு.

சுடலை. சென்னை போனதுல இருந்து இப்பதான் கூப்பிடுதான்.

"ஏட்டி, உயிரோடதான இருக்க?"

"அதைத்தான் தினம் காலைல நானும் பாக்கேன்."

"கோட்டி மூதி. கேளு. என்னைய எங்க போட்டுருக்காங்க தெரியுமா? அந்த நிழல் மெஷின்லயே. நேத்துதான் அதோட வயித்தைத் திறந்து பாத்தேன். நீ சாகல. ஒருத்தியும் சாகல. கோமதி அக்கா செத்தது நம்ம போறாத காலம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது."

இசக்கி போனைக் காதோட அழுத்திக்கிட்டா. "அப்போ ஏன் நின்னா அவ?"

"அவ நிக்கல. அவ நம்பர்தான் நின்னுச்சு. மெஷினுக்கு மனுஷன்னா என்னன்னு தெரியாதுட்டி. நம்பர்தான் மனுஷன். நமக்கு முந்திப் படிச்சவங்க ஆயிரக்கணக்கான பேரு நம்பர் என்ன ஆச்சுன்னு பாத்துத்தான் அது படிச்சிருக்கு. பையனுங்க நம்பர் துபாய் போனாலும் அதேதான், மொட்டை போட்டாலும் அதேதான். பிள்ளைங்க நம்பர் எல்லாம் ஒண்ணு, ஒன்றரை வருஷத்துல அப்படியே அந்துபோவுது. எதுக்குன்னு இங்க எவனுக்கும் தெரியல. எல்லாம் எங்கெங்க இருந்தோ வந்த ஆளுங்க. எனக்குத் தெரிஞ்சிட்டு. எங்க அக்காவுக்கு அத்தான் நிச்சயத்துல என்ன கொடுத்தாரு?"

"போன்" அப்படின்னா.

"புது போனு, புது நம்பரு. பழசு எங்க? யாருக்குத் தெரியும். அதைத்தான் மெஷின் சாவுன்னு நெனச்சிருக்கு."

"பெனிட்டா..."

"அவளுக்கு எவன்ட்டி போன் கொடுக்கப் போறான்? அதான் அவ நிழலு அஞ்சு வருஷமும் எடுக்கு."

இசக்கிக்குச் சிரிப்பு வந்துச்சு. ஒரு வருஷத்துல முதல் தடவையா வயித்துல இருந்து சிரிச்சா. சிரிக்கும்போதே அழுகையும் வந்துச்சு. ரோட்டைக் கடக்கலாம். மீன் சாப்பிடலாம். எந்த பஸ்லயும் ஏறலாம்.

"ஏல, நான் முதல் மார்க்குல. இதுக்காகவா என்னை வேண்டாம்னாங்க? சட்டம்னு ஒண்ணு இல்லியா?"

"ஆம்பள பொம்பளன்னு பிரிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. அதுக்குத்தான மெஷின்கிட்ட விட்டுட்டு இவங்க கையைக் கழுவிட்டாங்க. மெஷினுக்கு ஆம்பளையும் தெரியாது, பொம்பளையும் தெரியாதுல்லா. சரி, இன்னொண்ணு, அதுக்குத்தான் முக்கியமாக் கூப்பிட்டேன். வருஷத்துக்கு ஒருக்கா மெஷின் சொன்னது சரியான்னு பாக்க, நின்னுபோன நிழலோட நெச ஆளு நம்பருக்கு அடிப்பாங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு. எடுத்தேன்னா மெஷின் தப்பு, கூப்பிட்டு வேலை கொடுத்தாகணும். இதுவரைக்கும் ஒருத்தி எடுத்ததில்லியாம். நீ எடு. நீ ஒருத்தி எடுத்தாலே நான் மேல போயி இதைச் சொல்ல முடியும். அந்த நம்பரை மட்டும் விட்றாத."

"எட்டி இசக்கி!" உள்ள இருந்து அம்மா கூப்பிட்டா. "தட்டு மாத்தப் போறாவ, வா!"

இசக்கி வாயைக் கையால பொத்திக்கிட்டா. "அப்புறம் பேசுதேன். ஆளு வந்துருக்காவ."

வச்சிட்டா. வச்ச பொறவுதான் தான் என்ன சொன்னோம்னு அவளுக்குக் கேட்டுச்சு. அதே வார்த்தை. அதே அடங்கின சத்தம். ஏசி ரூம்ல கேட்டதுதான். அங்கனயே நின்னா. பூ வச்சிக்கிட்டிருந்த சித்தி, "என்னட்டி, இப்படி வேர்க்குது?"ன்னு முந்தானையால முகத்தைத் துடைச்சி, கையைப் பிடிச்சி உள்ள கூட்டிட்டுப் போனா.

தட்டுல பட்டுச்சேலை, பூ, பழம், மஞ்சள், குங்குமம். நடுவுல பளபளன்னு ஒரு போன்.

"எங்க வேலு எடுத்தது. நம்பரும் போட்டாச்சு" அப்படின்னாரு தங்கத்துரை. "நம்ம வீட்டு ஆளுக நம்பர் பூராத்தையும் நானே ஏத்திட்டேன். அந்தப் பழசைக் கொடும்மா, அதை முடிச்சி விட்ருவோம்."

"பழசும் இருக்கட்டும்" அப்படின்னா இசக்கி. குரல் தன்னோடது மாதிரியே இல்ல. "வேலை விஷயமா நாளைக்கு ஒரு போன் வரும். அது வரைக்குமாவது."

மாப்பிள்ளையோட அம்மா வெத்தலையை மடிச்சிக்கிட்டே, யாரையும் பாக்காம, "பூ வச்ச பொறவும் வர்ற போனு யாரு போனு?" அப்படின்னா.

"அத்தை, கூடப் படிச்ச பையன் ஒருத்தன் சொன்னான்..."

சொல்லியிருக்கக் கூடாது. பையன்ங்கிற வார்த்தை கூடத்துல விழுந்ததும் பேச்சித்தாய் முகம் வெளுத்துருச்சு. வேல்துரை தன் சட்டைப் பொத்தானையே பாத்துக்கிட்டிருந்தாரு. "இருந்துட்டுப் போவட்டுமே அண்ணே" அப்படின்னு மெதுவா ஒரு தடவை சொன்னாரு. அண்ணன் திரும்பிப் பாத்தாரு. அதோட சரி.

இசக்கி அம்மாவை இழுத்துக்கிட்டுப் பின்கட்டுக்குப் போனா. "எம்மா, நான் சாக மாட்டேம்மா. நம்பர்தான் நிக்குதாம். நாளைக்கு அதுல போன் எடுத்தா எனக்கு வேலை. நம்ம பயந்தது எல்லாம் சும்மாம்மா!"

"யாரு சொன்னா?"

"சுடலை."

"அந்த மெஷின் நீ செத்துருவன்னு சொல்லுச்சு. இப்போ அந்த மெஷின்காரனே சாவலன்னு சொல்லுதான். எதை நம்ப?" பேச்சித்தாய் மகளோட முகத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சா. "அவ கடைசியாப் பேசுனது அந்த நம்பர்லதானட்டி? அதுலதான யாரோ வந்துருக்காவன்னு சொன்னா? அந்தச் சனியன் நம்பர் உனக்கு வேண்டாம். அது போவட்டும். அதோட கண்டமும் போவட்டும். எனக்கு நீ வேணும்."

கூடத்துல தங்கத்துரை ஒரு சின்னப் பெட்டியை நீட்டினாரு. ரேகை பிடிக்கிற பெட்டி, நம்பரை முடிக்க அது யாரு பேர்ல இருக்கோ அவங்க விரலை வைக்கணும். நம்பர் வாங்குனப்போ இசக்கிக்குப் பதினெட்டு ஆகல. அதனால அது பேச்சித்தாய் பேர்லதான் இருந்துச்சு.

பேச்சித்தாய் கட்டைவிரலை வச்சா. பெட்டி சிவப்பு காட்டுச்சு. மறுபடி வச்சா. சிவப்பு.

"முப்பது வருஷம் இலை சுருட்டின விரலு" அப்படின்னு யாரோ சொன்னாங்க. "ரேகை எங்க இருக்கப் போவுது."

இசக்கி அந்தத் தேஞ்சுபோன விரலையே பாத்துக்கிட்டிருந்தா. அந்த விரல்தான் அவளைப் படிக்க வச்சுச்சு. அழிஞ்சே போயிருக்கணும், ஒரு கோடு கூட மிச்சம் இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டா.

"இடது கையை வைங்க அத்தை. நல்லாத் துடைச்சிட்டு" அப்படின்னாரு தங்கத்துரை.

பேச்சித்தாய் இடது கட்டைவிரலைச் சேலையில அழுத்தித் துடைச்சா. கண்ணை மூடி, உதடு அசைய இசக்கியம்மனைக் கும்பிட்டா. விரலை வச்சா.

பச்சை.

"முடிஞ்சுது" அப்படின்னாரு தங்கத்துரை. பழைய போனைத் தன்னோட சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. பொம்பளைங்க குலவை போட்டாங்க.

மறுநாள் காலைல பேச்சித்தாய் வாசல்ல உக்காந்து இலை வெட்டிக்கிட்டே, எம்மவ கண்டம் கழிஞ்சிட்டுன்னு பக்கத்து வீட்டுல சொல்லிக்கிட்டிருந்தா. உள்ள இசக்கிப்பிரியா புதுப் போனைக் கையில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தா. சுடலை நம்பர் அவளுக்குத் தெரியாது. கம்பெனி நம்பரும் தெரியாது. பத்து மணிக்கு, மனப்பாடமா தெரிஞ்ச ஒரே நம்பரை அடிச்சா. நீங்கள் அழைத்த எண் தற்போது உபயோகத்தில் இல்லைன்னு பதில் வந்துச்சு.